தெற்கே பார்த்த அம்பு

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் அம்புக்குறி போட்டிருந்தால் யார் உதவியும் வேண்டாம், பார்த்ததும் புரிந்துவிடும். அப்படிப் புரிந்ததால் வந்த வினைதான் இது.

மலையாள நாட்டுக்கு வந்து தம்பானூர் பக்கம் தோசைக்கடை போட்டு, தெருக்குழாயில் காத்துக் கிடந்தே என் பாதி ஆயுசு போயிற்று. மகளைத் திருநெல்வேலியில் கட்டிக் கொடுத்தபோது, சம்பந்தி தங்கம் மதினி கல்யாணப் பந்தலில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: "உங்க வீட்டுக்கு வந்தா குளிக்கத் தண்ணி கிடைக்குமா, இல்ல இங்கயே குளிச்சிட்டு வரணுமா?" (சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அதனால்தான் மறக்க முடியவில்லை.)

அதனால், மகன் செல்வம் இங்கே கிணற்றோடு வீடு கட்டியதும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பால்காய்ச்சு அன்றைக்குப் புது மோட்டாரின் சுவிட்சைத் தங்கம் மதினிதான் போட வேண்டும். மாடியில் இருக்கிற டேங்கில் முதல் தண்ணீர் அவள் கையால் ஏறட்டும். குழாயைத் திறந்து அவளே பார்த்துக்கொள்ளட்டும்!

அன்று காலையில் குளித்து, பட்டுக் கட்டி, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். முற்றத்தில் மோட்டாரை ஒட்டின குழாயில் பித்தளையில் குண்டாக ஒரு சாமான். அதன்மேல் ஒரு அம்பு. அம்பு தெற்கே பார்த்திருந்தது. எனக்குத் திக்கென்றது. தெற்கு யார் திசை? யமன் திசை. அவருக்கு நாமே வழி காட்டி போர்டு வைத்த மாதிரி!

பிளம்பர் ஷிபுவைக் கூப்பிட்டேன். மலையாளத்துப் பையன், தண்ணீரை வெள்ளம் என்பான்.

"இது என்னடே?"

"செக் வால்வு அம்மே. மோட்டார் நின்னா, பைப்பிலெ கேறின வெள்ளம் திரிச்சு கிணத்துக்குப் போகாது. உள்ள ஒரு கதவு உண்டு. ஒரு பக்கமா மட்டும் தொறக்கும்."

"கதவுன்னா நல்ல திசை பாத்து வைக்க வேண்டாமா? வடக்கே திருப்பு. குபேரன் பக்கம்."

"அய்யோ அம்மே, டேங்கு தெக்குப் பக்கமல்லவா! அம்பு டேங்கைப் பாத்து இரிக்கணும். திரிச்சு வச்சா வெள்ளம் மேலே கேறத்தில்ல."

(டேங்கைத் தென்மேற்கு மூலையில் வை, அதுதான் வாஸ்து என்று ஒற்றைக்காலில் நின்றதும் நான்தான்.)

"தண்ணிக்கு அம்பு பாக்கத் தெரியுமாடே? குழாய் போற வழியில அது போகும். திருப்புன்னா திருப்பு."

ஷிபு செல்வத்தைத் தேடினான். அவன் வாழையிலை வாங்கப் போயிருந்தான். வீட்டுக்கு மூத்தவள் இடுப்பில் கை வைத்து நின்றால் பிளம்பர்தான் என்ன செய்வான்? குழாயை அறுத்து, வால்வைத் திருப்பி, பசை தடவி ஒட்டினான். "பசை உணங்கணும் அம்மே" என்றான். பசை காயும்வரை முகூர்த்தம் நிற்குமா? வடக்கே பார்த்த அம்புக்கு என் கையாலேயே சந்தனம் குங்குமம் வைத்தேன்.

முற்றத்தில் செங்கல் அடுப்பில் பால் ஏறியது. மதினி சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது. எல்லாரும் அண்ணாந்து டேங்கைப் பார்த்தோம். ஒரு சொட்டு விழும் சத்தம்கூட இல்லை. சமையல்காரர் காலி அண்டாவோடு வந்து நின்றார்.

"தண்ணி எங்க ஊர்ல இருந்து வரணுமோ மதினி?" என்றாள் தங்கம்.

"புது மோட்டாருல்லா, வெக்கப்படுது" என்றேன்.

சத்தமாவது கேட்கிறதா என்று மதினி குனிந்து மோட்டார்க் குழாயில் காதை வைத்தாள். வழி அடைபட்ட தண்ணீர் முட்டி முட்டி, அந்த நேரம் பார்த்துத்தான் பசை விட்டது.

கிணறே எழுந்து வந்தது என்று வையுங்கள். மதினியின் கொண்டை அவிழ்ந்தது. அதிலிருந்த பிச்சிப்பூ பறந்துபோய் பக்கத்து வீட்டு மதிலில் ஒட்டிக்கொண்டது. அடுப்பு அணைந்தது. பானையில் தண்ணீர் நிறைந்து பால் வழிய, பொங்கிவிட்டது என்று நினைத்து யாரோ குரவை போட்டார்கள்! "ஓஃப் ஆக்கு, ஓஃப் ஆக்கு!" என்று ஷிபு கத்தினான். சுவிட்சோ தண்ணீருக்கு அந்தப் பக்கம். கடைசியில் செல்வம் வந்து, இலைக்கட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு உள்ளே புகுந்து அணைத்தான்.

மதினி சொட்டச் சொட்ட நின்றாள். என் மகள் வாழ்க்கை இத்தோடு போச்சு என்று நினைத்துக்கொண்டே துண்டோடு ஓடினேன். மதினி முகத்தை வழித்துவிட்டுச் சொன்னாள்: "போதும் மதினி. டேங்குக்கும் கொஞ்சம் மிச்சம் வையிங்க."

முற்றமே சிரித்தது. ஷிபு மட்டும் சிரிக்கவில்லை. "ஞான் அப்பவே பறஞ்ஞதல்லே அம்மே?"

"பறஞ்ஞே. சத்தமாப் பறஞ்ஞியா?"

அம்பு இப்போது தெற்கேதான் பார்க்கிறது. ஆனால் அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டேன், யமன் பார்க்க வேண்டாமே. சுத்தம் செய்ய வால்வைக் கழற்றும்போதெல்லாம் எந்தப் பக்கம் என்று ஷிபு முழிப்பான். "ஊதிப் பாருடே, காத்துப் போற பக்கம்தான் டேங்குப் பக்கம்" என்று சொல்லிக் கொடுப்பேன். (தொழிலைக் கற்றுக்கொண்டேன் அல்லவா!)

தங்கம் மதினி இப்போதும் வருகிறாள். கொளுத்துகிற வெயிலிலும் கேட்டுக்கு வெளியே நின்று குடையை முன்பக்கமாக விரித்துப் பிடித்துக்கொண்டு, "மதினி, மோட்டார் ஓடுதா?" என்று குரல் கொடுப்பாள். இல்லை என்று நான் என் வாயால் சொன்னால்தான் உள்ளே கால் வைப்பாள்.