வெற்றிகரமாக நகலெடுக்கப்பட்டது

அன்பும் அடக்கமும் அளவுக்கு மீறிய கணினி அறிவும் ஒருங்கே வாய்த்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அதாவது நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அவள் தொண்டையில் அறுவைச் சிகிச்சை முடிந்து, டாக்டர் உத்தரவுப்படி வாயைத் திறக்காமல், சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கு நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அந்த நலம் நீடிக்கட்டும். எல்லாரும் மின்னஞ்சல் அனுப்பும் காலத்தில் மாமா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். காகிதத்தில் எழுதினால் எழுதியது எழுதியபடியே வந்து சேரும். ஒரு வாக்கியம் நீளமாக இருக்கிறதே என்று தபால்காரர் அதை மட்டும் வழியில் உதறிவிட்டு, மிச்சத்தைக் கொடுத்து, வெற்றி என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போகமாட்டார்.

உங்கள் பார்சல் வந்து சேர்ந்தது. உங்கள் கம்பெனி, ஃபைல்களை ஒரு டிஸ்கிலிருந்து இன்னொரு டிஸ்குக்கு நகலெடுக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்திருப்பதாகவும், அதைச் சந்தைக்கு விடும் முன் நான் சோதித்துத் தர வேண்டும் என்றும் போனில் சொன்னீர்கள். "மாமா, அச்சகத்துல காலமெல்லாம் புரூஃப் பாத்தவர் நீங்க. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் உங்க கண்ணு கண்டுபிடிச்சிடும். எங்க ஆபீஸ் பசங்க எல்லாம் அவசரக்காரங்க" என்றீர்கள். ஓய்வு பெற்ற மனிதனுக்கு இதைவிடப் பெரிய ஐஸ் வேறு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், வைத்துவிட்டீர்கள். நானும் உச்சி குளிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொரு டிஸ்கும் தனக்கென்று ஒரு ஃபைல் சிஸ்டம் வைத்திருக்கும், ஒன்றின் சட்டம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று நீங்கள் விளக்கியபோது, எனக்கு உங்கள் பெரியப்பா, சித்தப்பா குடும்பங்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு வீட்டில் செருப்போடு வரலாம், இன்னொரு வீட்டில் வாசலிலேயே முறைப்பார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று நீங்கள் அனுப்பிய மாதிரி ஃபைல்களை முதலில் நகலெடுத்தேன். பெரிய எழுத்தில் பெயரிட்ட ஆங்கில ஃபைல் ஒன்றும், அதே பெயரைச் சின்ன எழுத்தில் எழுதிய இன்னொன்றும் உள்ளே போயின. மறுபக்கம் ஒன்றுதான் வெளியே வந்தது. இரண்டும் ஒரே பெயர்தானே என்று அந்த டிஸ்க் ஒன்றை விழுங்கிவிட்டது. அடுத்த டிஸ்கில் எல்லாம் வந்தன, ஆனால் தேதிகள் வரவில்லை. போன வருடத்து ஃபைலும் முந்தாநாள் ஃபைலும் அன்று சாயங்காலம்தான் பிறந்தோம் என்று சாதித்தன. இதையெல்லாம் ஒழுங்காகக் குறித்தேன். என் மேல் அதுவரை ஒரு தப்பும் இல்லை.

ஆனால் அந்த மாதிரி ஃபைல்களைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியும். 'அஅஅஅ' என்று பத்துப் பக்கம். இதை யார் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? என் வேலைக்காலத்தில் எந்த அச்சகமாவது என்னிடம் வெறும் 'அ' கொடுத்துப் புரூஃப் பார்க்கச் சொன்னதுண்டா? உண்மையான பிரதி கையில் இருந்தால்தான் கண் வேலை செய்யும். 'மாதிரி ஃபைல்களைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது' என்று நீங்கள் தடித்த எழுத்தில் போட்டிருந்தது, அனுபவமில்லாதவர்களுக்காக என்று எடுத்துக்கொண்டேன். எனவே உங்கள் அத்தையின் மேசை இழுப்பறையிலிருந்து அவளுடைய டிஸ்கை எடுத்தேன்.

அதில் என்ன இருந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் விடுதிக்காக, வேதியியல் பாடம் முழுவதையும் அவள் தன் குரலில் பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறாள். அறுவைச் சிகிச்சைக்குப் போகும் முன் முடித்துவிட வேண்டும் என்று தொண்டை கட்டக் கட்டப் பேசியது. அடுத்த மாதம் அந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஃபைல் பெயரைக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டுமாம், அதைக் கேட்டுத்தான் அவர்கள் பாடத்தைத் தேர்ந்தெடுப்பார்களாம். அதனால் உங்கள் அத்தை பல பாடங்களுக்குப் பெயர் வைப்பதில் சிக்கனமே பார்க்கவில்லை. ஒரு ஃபைலின் பெயர் இது: 'அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறேன், நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன், ரெக்கார்டிங் கெட்டுவிட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம்'. இது பாடம் அல்ல, மாப்பிள்ளை, வெறும் பெயர்.

உங்கள் மென்பொருள் ஓடியது. பச்சை நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. 'வெற்றிகரமாக நகலெடுக்கப்பட்டது'. நானும் சும்மா நம்பிவிடவில்லை. முதல் சில பாடங்களை அசலையும் நகலையும் மாறி மாறிப் போட்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து கேட்டேன். ஒரு இருமல்கூட இடம் மாறவில்லை. அடேயப்பா, மாப்பிள்ளை சாதித்துவிட்டார் என்று எழுந்து நின்றேன். அடுத்த படி என்ன? அசல் டிஸ்கில் உள்ளதையெல்லாம் துடைத்துவிட்டு, நகலிலிருந்து திருப்பி அனுப்பிப் பார்க்க வேண்டும். உங்கள் சோதனை முறைதான். துடைத்தேன். திருப்பினேன். குட்டிப் பெயர் பாடங்கள் எல்லாம் குதித்துக்கொண்டு திரும்பி வந்தன. நீளமான பெயர் பாடங்களில் ஒன்றுகூட வரவில்லை. திரும்பி வருவதற்கு அவை முதலில் போய்ச் சேர்ந்திருந்தால்தானே.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நீங்கள் மீட்டிங்கில் இருந்தீர்கள், எப்போதும்போல. பக்கத்து இருக்கைப் பெண் எடுத்தது.

"ஃபைல் பேரு ரொம்ப நீளமா இருக்குதா சார்?"

"கொஞ்சம் விளக்கமா இருக்கும்மா."

"தமிழ்லயா சார்?"

"தமிழ்லதான். வீட்டுல வேற எதுல பேர் வைப்பாங்க?"

"அதான் சார். இங்கிலீஷ் எழுத்துன்னா ஒரு இடம்தான் பிடிக்கும். தமிழ் எழுத்து ஒண்ணுக்கு மூணு இடம். கொம்பு, கால், சுழி வந்தா அதுக்குத் தனியா இன்னும் மூணு. சில ஃபைல் சிஸ்டம் அவ்வளவு நீளத்தை ஏத்துக்காது. சோதனை ஃபைல்தானே சார், போனா போகட்டும் விடுங்க."

"ஆமாம்மா, சோதனைதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கொம்புக்குத் தனி வாடகை! வாழ்நாள் முழுக்க விட்டுப்போன கொம்பையும் காலையும் தேடித் தேடிப் போட்டவனுக்கு, கடைசியில் அந்தக் கொம்பாலேயே குத்து. உங்கள் கம்பெனியில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லையா? இருக்கிறார், மீட்டிங்கில் இருக்கிறார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் வாழும் வாழ்க்கையைக் கேட்காதீர்கள். உங்கள் அத்தை கேட்கும் முன் வெந்நீர் வைக்கிறேன். துணி மடிக்கிறேன். மிக்ஸியைக் கழுவுகிறேன், அடியில் உள்ள ரப்பர் வளையம் உட்பட. நேற்று பலகையில் 'உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?' என்று எழுதிக் காட்டினாள். விடுதி ஆசிரியர் வேறு போன் செய்து, "அம்மாவோட பாடம் எப்ப சார் கெடைக்கும்? பசங்க தினமும் கேக்கறாங்க" என்கிறார். "பேக்கிங் நடக்குது சார்" என்கிறேன். மறுபடியும் பேசிப் பதிவு செய் என்று அவளிடம் சொல்ல முடியுமா? பேசவே கூடாத தொண்டை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. பழைய குரல் அப்படியே திரும்பும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார். வெற்றிகரமாக முடிந்தது என்று அவரும்தான் சொன்னார். அவள் குளிக்கப் போகும் நேரத்தில், மிஞ்சிய குட்டிப் பெயர் பாடங்களைப் போட்டுக் கேட்கிறேன். உப்பு எப்படி உண்டாகிறது என்பது எனக்கு இப்போது மனப்பாடம். எனக்கு வேதியியல் வேண்டாம், அந்தக் குரல் வேண்டும்.

ஆகவே, அழிந்ததை மீட்கும் வித்தை ஏதாவது உங்கள் கையில் இருந்தால் உடனே கிளம்பி வரவும். மீட்டிங்கை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். முடியாவிட்டால், அந்தப் பச்சைப் பெட்டியையாவது கழற்றிவிட்டுச் சந்தைக்கு விடவும். சோதனை அறிக்கை என்று கேட்டிருந்தீர்கள், அது இதுதான். உங்கள் அத்தைக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஜாடைமாடையாகக்கூட என் மகளிடம் மூச்சு விடாதீர்கள்.

நீங்கள் இருவரும் எல்லா நலனும் பெற்று நீண்ட ஆயுளோடு, உங்கள் மென்பொருளுக்குப் பொறுக்கும் அளவு நீளத்தோடு, வாழ வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இதை எழுதுவது அத்தை. உறையில் உங்கள் முகவரியை எழுதித் தரச் சொல்லி என்னிடமே நீட்டினார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு முகவரி இவருக்கு இன்னும் தெரியாது. பசையும் சரியாக ஒட்டவில்லை. பார்சல் வந்த அன்றே இவர் அந்த 'அ'வைப் படிக்கமாட்டார், என் இழுப்பறையில்தான் கை வைப்பார் என்று தெரியும். அதனால் அசல் டிஸ்கை எடுத்து ஒளித்துவிட்டு, அங்கே நான் முன்பே எடுத்து வைத்திருந்த ஒரு நகலை வைத்தேன். அசலை உங்கள் மென்பொருளால்தான் விடுதிக்கென்று ஒரு டிஸ்கில் நகலெடுத்தேன். நீளமான பெயர்களை ஏற்க முடியவில்லை என்று அந்தப் பச்சைப் பெட்டிக்குக் கீழேயே அது ஒரு பட்டியல் போட்டது, பெயர்களைச் சுருக்கினேன், எல்லாம் ஏறிக்கொண்டன. புரூஃப் பார்த்தவர் தலைப்பை மட்டும் படித்துவிட்டு எழுந்திருக்கிறார். விடுதிக்குப் பாடம் நாளைக் காலை போய்ச் சேர்ந்துவிடும். நீங்கள் மெனக்கெட்டு வர வேண்டாம், இவரிடம் எதையும் சொல்லவும் வேண்டாம். பேசலாம் என்று டாக்டர் அனுமதிக்கும் நாளில் என் முதல் பேச்சே இவரைத் திட்டுவதாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். குரல் எப்படித் திரும்பி வந்தாலும், திட்டுகிறவள் நான்தான் என்று இவருக்குத் தெரிந்துவிடும்.