ஏழாம் நம்பர் மானிட்டர் காப்பாற்றப்பட்ட வரலாறு

பேரன்பும் பெருந்தொப்பையும் கொண்ட மியோங்சிக் சித்தப்பாவுக்கு,

தங்கள் அண்ணன் மகன் ஜின்கியூ தலை தரையில் முட்டும்படி குனிந்து அறிவிப்பது: மோக்போ நகரில் நேற்று மாலை, நம் கேம் கடையின் ஏழாம் நம்பர் மானிட்டர் குப்பை வண்டி ஏறாமல் காப்பாற்றப்பட்டது. காப்பாற்றிய மாவீரன் யாரென்று சொல்லிப் பெருமையடிக்க மாட்டேன். நான்தான்.

பழைய சதுர மானிட்டர்களை மாற்றக்கூடாதென்று நீங்கள் அப்பாவோடு முறைத்துக்கொண்டு கோஜே கப்பல் கட்டும் தளத்துக்கு வேலைக்குப் போனபின் கடை முழுக்க அகலத்திரை ஆகிவிட்டது, மிச்சம் உங்கள் ஏழாம் நம்பர் மட்டும்தான். புதுத் திரையில் உங்கள் பழைய கோட்டை விளையாட்டைப் போட்டால் நடுவில் சதுரமாகப் படம், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, மானிட்டர்தான் பழுதென்று அப்பா விற்றவரிடம் சண்டைக்கே போய்விட்டார். நீங்கள் சொல்லித்தந்ததை நான் எடுத்துச் சொன்னேன். "பெரிய திரை வெச்சிருக்கவனுக்கு மேப் அதிகமாத் தெரிஞ்சா எதிரி வர்றதை முன்னாடியே பாத்துடுவான்பா. அதான் எல்லாருக்கும் ஒரே அளவு ஜன்னல்னு கேம் செஞ்சவங்களே பூட்டி வெச்சிருக்காங்க."

"உன் சித்தப்பன் மாதிரியே பேசற. அந்தக் கேம்லயே என்னை ஜெயி, அவன் பெட்டி இருக்கட்டும். தோத்தா நாளைக்கே குப்பை" என்றார்.

எனக்கு அந்தத் திரைதான் ஞாபகம் வந்தது. ராமியோன் நூடுல்ஸ் ஆவியில் அது மங்கும், உங்கள் நாற்காலிக்குப் பின்னால் பொடியன்கள் நாங்கள் நெருக்கியடித்து நிற்போம், ஆவியைத் துடைக்கிற சாக்கில் சரியான நேரம் பார்த்து நான் திரையை மறைப்பேன், நீங்கள் தோற்று, திட்டிக்கொண்டே எல்லோருக்கும் காரசாரமாகத் தின்ன தொக்பொக்கி வாங்கித் தருவீர்கள். அதை விடலாமா? கேமின் உள்ளே புகுந்து என் திரைக்கு மட்டும் பூட்டை உடைத்து அகலமாக்கினேன். அப்பாவின் படை மலையிறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு நடந்ததைச் சரித்திரம் சொல்லும். மானிட்டர் பத்திரம்.

உங்கள் கப்பல்கள் மிதக்கட்டும், தொப்பை மிதமாகட்டும்.

இப்படிக்கு,
கோட்டைக் காவலன் ஜின்கியூ

பின்குறிப்பு: சரித்திரம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். வீரர்களை ஏவும் பொத்தான்களையெல்லாம் கேம் செய்தவர்கள் பழைய அளவுக்கென்றே திரை ஓரத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். நான் அகலமாக்கியதும் அவை திரைக்கு வெளியே போய்விட்டன. படை வருவதை முழுசாகப் பார்த்தேன், ஒரு வீரனைக்கூட எழுப்ப முடியவில்லை. கோப்பையில் ராமியோன் வேகுமுன் தோற்றேன். அப்பா ஏழாம் நம்பரைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கேயே கொஞ்சம் நின்றார். திரும்பி வந்து பழைய இடத்திலேயே வைத்து, சட்டைக் கையால் திரையைத் துடைத்தார். "சூசோக் பண்டிகைக்கு வந்தான்னா அவன் எங்கடா உக்காருவான்" என்றார். இதை உங்களுக்கு எழுதக்கூடாதென்று உத்தரவு. அதனால் நீங்கள் இதைப் படிக்கவில்லை சித்தப்பா. ஆனால் வந்துவிடுங்கள்.