மாமா கடைப் பை

"வெள்ளிக்கிழமை பேரையூர்க்காரங்க கண்ணு முன்னாடியே குதிரை மூஞ்சிய மாத்திக் காட்டணும்மா. இல்லேன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிரும்" என்று கப்பலூர் சிலைப் பட்டறை முதலாளி சொன்னதிலிருந்து தாமரைச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

கருப்பசாமி கோயில் வாசலுக்கான ஃபைபர் குதிரை அது. கம்ப்யூட்டரிலேயே களிமண்ணைப் பிசைவதுபோல் பிசைந்து, அவள் தனியாக உருவாக்கிய முதல் சிலை. பட்டறைக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பேரையூருக்குப் பஸ் ஏற முடியாது. திரைமேலேயே பேனா வைத்துச் செதுக்குகிற டேப்லெட் கம்ப்யூட்டர் வேண்டும். ஆரப்பாளையத்தில் ஒரு பெரிய கடையில் பார்த்தும் வைத்துவிட்டாள். காசு தர முதலாளியும் தயார்.

அம்மா பாண்டீஸ்வரிதான் விடவில்லை.

"தாய்மாமன் கடை வச்சிருக்கையில அடுத்தவன் கடைப் படிய மிதிப்பியா? ஒனக்குக் காது குத்தையில மடியில வச்சிருந்தவருடி!"

காதுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? கொதித்துக்கொண்டே மாமா கடைக்குப் போனாள்.

ஆண்டிச்சாமி மாமா மிக்ஸிகளுக்கு நடுவிலிருந்து ஒரு டேப்லெட்டை உருவி, சந்தனம் குங்குமம் வைத்து நீட்டினார்.

"பேனாவும் இருக்கு தாயி."

இருந்தது. மெல்லத் தொட்டால் சீவ வேண்டும், அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். அப்போதுதான் குதிரைக்கு மூக்குத் துவாரம் வரும். இதில் எப்படி அழுத்தினாலும் ஒரே கோடு. பிள்ளைகள் அ, ஆ எழுதிப் பழகுகிற சாமான்!

மறுநாள் மாற்றப் போனாள். மாமா ஒரு கறுப்புப் பலகையைக் கொடுத்தார்.

"எம்புட்டு வேணாலும் அழுத்து. தாங்கும்."

"படம் எதுல மாமா தெரியும்?"

"அதுக்குத்தேன் ஒங்க பட்டறையில கம்ப்யூட்டர் இருக்குல்ல?"

மூன்றாவதாகக் கொடுத்ததில் திரையும் இருந்தது, அழுத்தத்துக்கு அடங்குகிற பேனாவும் இருந்தது. குதிரையைத் திறந்தாள். தோசைக்கல்லாய்ச் சுட்டது. தலை வந்தது, கழுத்து வந்தது, அத்தோடு நின்றுவிட்டது.

"மூஞ்சியத்தான மாத்தணும்னு சொன்ன? அதேன் வந்துருச்சே" என்றார் மாமா.

அவர் மேஜையிலேயே அதை வைத்துவிட்டு வந்தாள். அவள் வீடு சேருமுன் மாமாவின் போன் அம்மாவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"ஏண்டி, ரெண்டு தடவ மாத்திக் குடுத்த மனுசனப் போயி அவமானப்படுத்தியிருக்க! ஒன் கல்யாணத்துக்கு மால எடுத்து வரமாட்டேங்குறாருடி!"

"ஆர்டர் போனா அவரா குதிரை செஞ்சு குடுப்பாரு?" என்று கத்தினாள். யார் கேட்டார்கள்?

வியாழக்கிழமை, கண் மட்டும் தெரியத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பெரிய கடைக்குள் திருடிபோல நுழைந்தாள். காசு கொடுத்து ஒரு பொருள் வாங்கத் திருட்டுமுழி முழிக்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. பார்த்துவைத்த டேப்லெட்டில் பென்டிரைவைச் செருகினாள். குதிரை வால்வரை வந்து நின்றது. பேனாவை அழுத்தினாள், மூக்குத் துவாரம் ஜம்மென்று விழுந்தது. அழுகையே வந்துவிட்டது.

பில் போடுகிற மலையம்மாள் கடைப் பையை எடுத்தாள்.

"பை வேணாம்க்கா! ஆண்டிச்சாமி எலக்ட்ரானிக்ஸ் எங்க தாய்மாமன் கடை. வேற கடைப் பையோட போனா எங்கம்மா வீட்டையே ரெண்டாக்கிரும்."

மலையம்மாள் ஆச்சரியப்படவே இல்லை. மேஜைக்கு அடியில் குனிந்து, 'ஆண்டிச்சாமி எலக்ட்ரானிக்ஸ்' என்று அச்சடித்த மஞ்சள் பை ஒன்றை உருவினாள்.

"இந்தா, இதுல போட்டுக்க. ஒங்க மாமாதேன் ஒரு கட்டு குடுத்து வச்சிருக்காரு. அவரு வீட்டுக்கு எது வாங்குனாலும் இங்க வாங்கி, இதுல போட்டுத்தேன் கொண்டுபோவாரு."