கடல்புல் மெத்தை

இந்த மழைக்காலம் முழுக்க என் மாடுகள் உலர்ந்த இடத்தில்தான் படுக்கும் என்று மாமனாரிடம் சத்தியம் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

மாமனார் பிரடெரிக்கிற்குச் சொந்தமாக ஒரு வள்ளம் உண்டு. எங்கள் ஊர் காரங்காட்டில் பிறந்த ஆம்பளை கடலுக்குப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. நானோ எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. கரையில் கட்டிக் கிடக்கும் வள்ளத்தில் ஏறினாலே வாந்தி எடுப்பவன். அதனால்தான் கொல்லையில் கொட்டில் போட்டேன். நான்கு காளைக்கன்றுகளைக் கட்டி, தீனி போட்டுக் கொழுக்க வைத்து விற்பது என்று திட்டம்.

“மழை வரட்டும் மாப்ள. கொட்டில் சேறாகும். குளம்பு அழுகும். படுக்க இடமில்லாம நின்னே மாடு மெலியும். அப்ப வந்து என் வள்ளத்துல ஏறிக்கிருங்க.”

“ஒரு கன்னுகூட ஈரத்துல படுக்காது மாமா. படுத்தா நானே வந்து ஏறிக்கிறேன்.”

என் மனைவி ஆஸ்லின் அன்றைக்கே சொன்னாள்.

“ஏங்க, அறுப்பு முடிஞ்சிருக்கு. வைக்கோல் வாங்கிப் போட்டுக்குவோம். மழையில நனைய நனைய மேல போட்டுக்கிட்டே வரலாம்.”

“வைக்கோல் தீனி. தீனியை யாராவது காலுக்கடியில போடுவாங்களா? நீ இட்லி மேலயா படுக்குற?”

“வேற எதைப் போடப் போறீங்க?”

“கடல்புல். கரை நெடுக ஒதுங்கிக் கெடக்கு. கேக்க ஆளில்ல. மெத்துன்னு இருக்கு.”

“உப்பா இருக்குமே?”

“மாடு படுக்கத்தானே போகுது. உப்புப் பாக்கவா போகுது?”

ஆஸ்லின் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கோடை முழுக்கக் கடல்புல் அள்ளினேன். காயப் போட்டேன். மலைபோல் குவித்தேன். முதல் மழைக்கு முன்னால் கொட்டிலில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பிவிட்டு, நானே ஒருமுறை படுத்துப் பார்த்தேன். எங்கள் கல்யாண மெத்தையைவிட நன்றாக இருந்தது.

மழை வந்தது. கூரை ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆனாலும் மெத்தை நனைந்தது. நான் படித்தது வேதியியல். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். அதைக் கொட்டிலுக்குள் காளைக்கன்றுகள்தான் எனக்கு ஞாபகப்படுத்தின.

அதோடு நிற்கவில்லை. உப்பு ருசி கண்ட கன்றுகள் மெத்தையை நக்கின. நக்க நக்கத் தாகம். தொட்டி தொட்டியாகத் தண்ணீர் குடித்தன. குடித்ததை எங்கே விடும்? மெத்தையில்தான். ஈரம் வெளியிலிருந்தும் வந்தது, உள்ளிருந்தும் வந்தது. நான்கும் படுக்க மனமில்லாமல் நின்றபடி என்னையே பார்த்தன. அப்படியே மாமனாரின் பார்வை.

“கன்னு நின்னுக்கிட்டே இருக்கே?” என்றாள் ஆஸ்லின்.

“நிக்கிறது ஒடம்புக்கு நல்லது.”

“அப்படியா? ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு எங்க அய்யா கொட்டிலைப் பாக்க வாராராம்.”

எனக்கு அப்போதே குமட்டியது.

பக்கத்து வீட்டு யாகப்பம்மாள் அத்தையின் கொட்டகையில், நீலத் தார்ப்பாய்க்கு அடியில், வைக்கோல் அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் மாடு கிடையாது. ஆடுகூடக் கிடையாது. அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. வேலியோரம் போய்க் குனிந்து நின்றேன்.

“அத்தை, கொஞ்சம் வைக்கோல் வேணும். ஆஸ்லினுக்குத் தெரியக் கூடாது.”

“எனக்கென்னலே, நான் ஏன் சொல்லப் போறேன்?”

“எவ்வளவு தரணும்?”

“காசெல்லாம் வேணாம். இங்கன ஒக்காந்து இந்தக் காரலை அலசிக் குடுத்துட்டு, ஒரு கட்டுத் தூக்கிட்டுப் போ.”

காரல் மீன் விரல் நீளம்கூட இருக்காது. ஒரு கூடை இருந்தது. ஒவ்வொன்றாகக் குடல் எடுத்து அலசினேன். அன்று மத்தியானம் எங்கள் வீட்டிலும் காரல் குழம்பு. ஊரில் எல்லார் வலையிலும் அதுதான் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் கட்டுக்குத் தேங்காய் துருவினேன். அடுத்த கட்டுக்கு விறகு பிளந்தேன். அதற்கடுத்த கட்டுக்கு அருவாமனையைச் சாணை பிடித்தேன்.

“படிச்ச கைன்னா படிச்ச கைதான்லே. என்னா சுத்தம்!” என்றார் யாகப்பம்மாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நனைந்த கடல்புல்லை வாரிக் குழியில் கொட்டினேன். வைக்கோலைக் கனமாகப் பரப்பினேன். மேலே கொஞ்சம் கடல்புல் தூவினேன், என் மானத்தை மூடும் அளவுக்கு. கன்றுகள் படுத்து அசைபோட்டன.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். மெத்தையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கையைத் திருப்பிப் பார்த்தார். ஈரமில்லை.

“என்ன மாப்ள போட்டிருக்கீங்க?”

“கடல்புல் மாமா.”

சொல்லும்போதே காது சுட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“அடேயப்பா! படிப்புன்னா இதுதான். எங்க வீட்டுப் பசுவும் ஈரத்துலதான் நிக்குது. ஒரு சாக்குக் கடல்புல் குடுங்க, கொண்டு போறேன்.”

அந்தச் சாக்கு போனால் நாளைக்கு அவர் பசு தொட்டித் தண்ணீரைக் காலி செய்யும். நாளை மறுநாள் நான் வள்ளத்தில் இருப்பேன். வாயைத் திறந்தேன். அதற்குள் ஆஸ்லின் முந்திக்கொண்டாள்.

“அய்யா, கடல்புல்லு சும்மா மேல தூவ. அடியில வைக்கோல் போடணும். அதுதான் இவுக யோசனை. யாகப்பத்தை கொட்டகையில நம்ம வைக்கோல் இன்னும் கெடக்கு. ஒரு கட்டுத் தூக்கிட்டுப் போங்க.”

மாமா என் தோளில் தட்டிவிட்டு, வைக்கோலோடு போனார். நான் ஆஸ்லின் பக்கம் திரும்பினேன்.

“நம்ம வைக்கோலா?”

“நீங்க கடல்புல் அள்ளப் போன அன்னைக்கே வாங்கிட்டேன். இங்கன வச்சா தீனிம்பீங்க. அதான் அங்கன வச்சேன்.”

“அப்ப நான் அலசுன காரலு?”

“நம்ம காரலுதான். நான் அலசச் சொன்னா ‘படிச்ச கை’ம்பீங்க. அத்தை சொன்னா அலசுறீங்க.”

“தேங்கா? வெறகு?”

“குழம்பு ருசியாத்தானே இருந்துச்சு?”

எனக்கு ரோஷம் வந்தது. “நான் இப்பவே மாமாகிட்ட போயி உண்மையைச் சொல்லிடுறேன்.”

“சொல்லுங்க. விடியக் காலம்பற வள்ளம் கெளம்புது.”

நான் போகவில்லை.

மறுநாள் காலையில் யாகப்பம்மாள் வேலிக்கு மேலாக எங்கள் வீட்டு அருவாமனையைத் திருப்பிக் கொடுத்தார். அதை ஆஸ்லின் வாங்கி, கூர் பார்த்துவிட்டு, ஒரு கூடைக் காரலோடு என் முன்னால் வைத்தாள்.