ஸ்பேர் சார் மாற்றிய பிக்கப்

கிடாரைக் குப்புறக் கவிழ்த்துக் கட்டிலுக்கு மேல் பிடித்துக் குலுக்கினார் ஸ்பேர் சார். முதலில் தூசி கொட்டியது. பிறகு ஒரு நட்டு விழுந்தது. அதன் பின்னால், யாரும் தேடாத பொருளாக ஒரு ஹேர்பின் வந்து விழுந்தது.

"வால்யூம் திருகு உள்ள விழுந்து கிடக்கு. அது வர மாட்டேங்குது, இது வருது. இது எப்படி உள்ள போச்சு?"

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மனைவி ஹேர்பின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தூசி தட்டும்போது விழுந்திருக்கும்" என்று தலையில் செருகிக்கொண்டாள்.

ஸ்பேர் சார் என்பது ஆபீசில் வைத்த பெயர். லிஃப்ட் கம்பெனியில் உதிரி பாகங்களின் ஸ்டோர் அவர் பொறுப்பில் இருந்தது. ஏதாவது கட்டடத்தில் லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டால் மெக்கானிக்குகள் ஏன் நின்றது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஸ்பேர் சாருக்கு அந்தக் கவலையே கிடையாது. "பார்ட்டை மாத்துங்கப்பா" என்பார். பாதி நேரம் லிஃப்டும் ஓடிவிடும். அதுதான் அவரைக் கெடுத்தது.

வீட்டிலும் அதே வைத்தியம்தான். குழாய் சொட்டினால் குழாயை மாற்றுவார். ஒருமுறை புதுக் குழாயும் சொட்டியது. மனைவி போய் இன்னும் ஒரு சுற்று இறுக்கி மூடிவிட்டு வந்தாள். அந்த வீட்டில் மாற்றப்படாமல் இருந்தது மனைவி மட்டும்தான், அவளிடமிருந்துதான் சத்தமே வருவதில்லையே என்று ஆபீசில் ஒரு கேலி உண்டு. அதைக் கேட்டு அவரும் சிரிப்பார்.

கிடார் விவகாரம் ஒரு கேசட்டில் தொடங்கியது. பரணைச் சுத்தம் செய்தபோது பழைய டேப் ரெக்கார்டரும் ஒரு பெட்டி கேசட்டுகளும் கிடைத்தன. கல்யாணமான புதிதில் தான் வாசித்ததையெல்லாம் பதிவு செய்துவைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் தேதி, நேரம் என்று ஸ்டோர் சீட்டு போல ஒட்டியிருப்பார். ஒன்றில் மட்டும் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதைப் போட்டுப் பார்த்தார்.

கேட்டவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவசரமே இல்லாத வாசிப்பு. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் மனசு விட்டுப் பேசுவது போல இருந்தது. இதை எப்போது வாசித்தோம் என்று எவ்வளவு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. தன்னை மறந்து வாசித்திருக்கிறோம், அதனால்தான் நினைவில்லை என்று முடிவுக்கு வந்தார். வீட்டில் கிடார் வாசிப்பவர் வேறு யார்?

நிமிர்ந்தபோது மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஈரக் கையைக்கூடத் துடைக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் பார்த்ததே இல்லை.

"அந்தக் காலத்துல எப்படி வாசிச்சிருக்கேன், பாத்தியா!" என்றார் பெருமை பிடிபடாமல்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு" என்று உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே அவர் மனசுக்குள் தீர்மானம் போட்டுவிட்டார். வரும் ஞாயிறு கல்யாண நாள். அதே பாட்டை, அதே ஒலியில், அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த வெளிச்சத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். இருவருக்கும் இடையே பேச்சு "சாப்பிட்டாச்சா", "பூட்டியாச்சா" என்ற அளவில் வந்து நின்று எத்தனையோ காலமாகியிருந்தது. அது அவருக்கு வலிக்காமல் இல்லை.

வாசித்துப் பார்த்தால் அந்த ஒலி வரவில்லை. கிடாரோ அதே கிடார். கையோ அதே கை. அப்படியானால் பழுது வேறெங்கே இருக்க முடியும்? பார்ட்டில்தான்.

கிடார் கடைக்காரர் அவரைவிட அவசரக்காரர். "பிக்கப் சார், பிக்கப்!" என்றார். கம்பிக்கு அடியில் இருக்கும் அந்த இரண்டு காந்தப் பெட்டிகள்தான் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகின்றன. "வயசானா காந்தம் சோர்ந்துபோயிடும் சார், நம்மள மாதிரி. பழசைக் கொடுத்துட்டுப் புதுசை எடுத்துக்குங்க. இது வெல்வெட் டைப், இது கண்ணாடி டைப், இது புலி டைப்."

ஸ்பேர் சார் புலியைத் தேர்ந்தெடுத்தார். பழைய இரண்டும் கல்லாவுக்குப் பின்னால் போயின.

அவருடைய கிடார் பாதி உள்கூடு உள்ள வகை. நடுவில் ஒரு மரக்கட்டை, இரு பக்கமும் வெற்றிடம். திறந்து பார்க்கப் பின்பக்கம் மூடி கிடையாது. முகத்தில் இரண்டு நெளிந்த ஓட்டைகள் மட்டும்தான். திருகு, ஒயர், சுவிட்ச் எல்லாமே அந்த ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். அப்படிப் போன வால்யூம் திருகுதான் இப்போது உள்ளே எங்கோ உருண்டுகொண்டிருந்தது.

"ஏங்க, நான் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"இது நுணுக்கமான வேலை. நீ டார்ச்சை மட்டும் ஆட்டாம பிடி."

ஆட்டாமல் பிடித்தாள். அவர் வியர்த்து விறுவிறுத்து, ஒரு நகத்தையும் உடைத்துக்கொண்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது திருகு ஒரு தையல் நூலின் நுனியில் கட்டப்பட்டு அதன் ஓட்டையில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

"எப்படி வந்துச்சு?"

"நூலைக் கட்டி மெல்ல இழுத்தேன். வந்துடுச்சு."

"அதிர்ஷ்டம்" என்றார் ஸ்பேர் சார்.

புலி அன்று மாலையே வேலையைக் காட்டியது. ஒரு கம்பியைத் தொட்டதும் ஆம்ப்ளிஃபயர் ஊளையிட்டது. கம்பியை விட்டாலும் ஊளை நிற்கவில்லை. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கீழேயிருந்து தொம் தொம் என்று சத்தம் கேட்டது.

அது கீழ்வீட்டுப் பிரஸ்காரர். அச்சகத்தில் ராத்திரி வேலை. பகலெல்லாம் தூங்கி மாலையில் எழுகிறவர். இவர்கள் குடிவந்த காலத்திலிருந்தே அவரும் அங்கேதான் இருக்கிறார். ஸ்பேர் சார் ஆபீசிலிருந்து வந்து கிடாரை எடுத்தால் போதும், ஒட்டடைக் குச்சியால் தன் வீட்டுக் கூரையைக் குத்துவார்.

"வால்யூமைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன்" என்றாள் மனைவி, காதைப் பொத்திக்கொண்டு.

"குறைச்சா எப்படி ஒலி வரும்? உள்ள காலியா இருக்கு, அதான் ஊளை. அடைச்சாச் சரியாயிடும்."

சோபா மெத்தையின் ஓரத்தைப் பிரித்து, உள்ளேயிருந்த ஸ்பாஞ்சைத் துண்டு துண்டாக வெட்டி ஓட்டை வழியாகத் திணித்தார். ஊளை நின்றது. கூடவே கிடாரும் நின்றது. வாசித்தால் போர்வைக்குள் யாரோ இருமுவது போலக் கேட்டது. உட்கார்ந்தால் சோபா ஒரு பக்கம் சாய்ந்தது.

மறுபடி கடை.

"ஊளை விட்டுச்சா? அப்போ உங்களுக்குக் கண்ணாடி டைப்தான் சார். நான் அன்னிக்கே நினைச்சேன்" என்றார் கடைக்காரர்.

"நினைச்சதைச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க புலியைப் பாத்த பார்வையில எனக்குச் சொல்ல வாய் வரல சார்."

கண்ணாடி டைப்பைப் போட வேண்டுமானால் ஸ்பாஞ்சை வெளியே எடுக்க வேண்டும். உள்ளே போகும்போது பஞ்சாகப் போனது, வெளியே வர மறுத்து முரண்டு பிடித்தது. மனைவியின் புருவம் திருத்தும் இடுக்கி வளைந்தது. ஒயரைப் பற்றவைக்கும் சூட்டுக்கோல் கை தவறிக் கிடாரின் முகத்தில் விழுந்து, திருஷ்டிப் பொட்டு போலக் கறுப்பாக ஒரு வடு வைத்தது.

அந்த வடுவைப் பார்த்து அவள்தான் முதலில் பதறினாள். விரலால் அதை மெல்லத் தடவினாள்.

"பரவாயில்ல விடு, என் கிடார்தானே" என்றார் அவர்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடி டைப் பெயருக்கு ஏற்றபடிதான் இருந்தது. ஒவ்வொரு தொடலுக்கும் கண்ணாடியில் ஆணியால் கீறுவது போல ஒலி. பல் கூசியது.

"அந்த பிளாஸ்டிக் வில்லையைக் கீழ வெச்சுட்டு, வெறும் கட்டைவிரலால மீட்டிப் பாருங்க" என்றாள் மனைவி.

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. பழைய பிக்கப்தான் சரி. டேப்புல இருக்கறது அதோட ஒலி. நான்தான் புத்தி கெட்டுப்போய்க் கொடுத்துட்டேன்."

மறுநாள் ஆபீசில் பாதி நாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் கையைப் பிசைந்தார்.

"நேத்துதான் சார் போச்சு. ஒரு இசை வாத்தியார் வந்தாரு. கையில எடுத்ததும் அவர் முகமே மாறிப்போச்சு. இந்தக் காலத்துல இப்படிச் செய்ய மாட்டாங்கன்னாரு."

"காந்தம் சோர்ந்துபோயிடும்னு சொன்னீங்களே!"

"சோர்ந்தாத்தான் சார் இனிமையாம். எனக்கே நேத்துதான் தெரியும்."

"அவரு எங்க இருக்காரு?"

"ஊருக்குப் போற வழியில வந்தவரு சார்."

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் ஸ்பேர் சார் நின்றுகொண்டே வந்தார். ஸ்டோரில் எத்தனையோ ஆயிரம் பாகங்களைக் கொடுத்திருக்கிறார், வாங்கியிருக்கிறார். கொடுத்ததை நினைத்து ஒருநாளும் இப்படி நொந்துகொண்டதில்லை. கையில் இருந்த ஒரே நல்ல பொருளைத் தானாகவே தூக்கிக் கொடுத்தாகிவிட்டது. இனி அந்த ஒலி வராது, அந்த முகமும் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியைச் சாய்ந்த சோபாவில் உட்காரவைத்து, இருப்பதை வைத்து வாசித்தார். நடு நடுவே கம்பி கீச்சிட்டது. ஒரு இடத்தில் பாட்டே மறந்துபோனது. முடித்துவிட்டுத் தலை நிமிராமல் இருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"இல்ல. பொய் சொல்லாத." எழுந்து போய் டேப் ரெக்கார்டரைப் போட்டார். "இதைத்தான் உனக்கு வாசிச்சுக் காட்டணும்னு இருந்தேன். பழசைத் தூக்கிக் கொடுத்துட்டு வந்து நிக்கிறேன். மன்னிச்சுக்கோ."

தணிந்த அந்த வாசிப்பு அறையை நிறைத்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மடியில் வலது கட்டைவிரல் லேசாக அசைந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் அணைந்தும்விட்டது.

"பிக்கப்புல என்னங்க இருக்கு" என்றாள். பிறகு மொட்டைமாடியில் துணி காய்வதாகச் சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

டேப் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்பேர் சார் கிடாரை அதன் பெட்டியில் படுக்கவைத்து, வழக்கம்போலப் பூட்டினார். ஸ்டோர்காரர் வீட்டில் பூட்டு இல்லாத பெட்டி ஏது? கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆபீசிலிருந்து வந்து பார்த்தபோது கம்பியெல்லாம் வேறு சுருதியில் இருந்தது. கேட்டதற்குத் தூசி தட்டியதாகச் சொன்னாள். "இது தூசி தட்டுற சாமான் இல்ல. விலை என்னன்னு தெரியுமா?" என்று ஒரு சத்தம் போட்டு, அன்று மாலையே வாங்கி வந்த பூட்டு அது. சாவி இன்றுவரை அவருடைய கொத்தில்தான் இருக்கிறது.

கதவு தட்டப்பட்டது. திறந்தால் பிரஸ்காரர். இந்தத் தடவை நேரிலேயே வந்துவிட்டாரே என்று ஸ்பேர் சார் ஒரு அடி பின்வாங்கினார். ஆனால் அவர் கையில் ஒட்டடைக் குச்சி இல்லை. தூக்கம் கலைந்த கண்ணோடு, வாயெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"எவ்வளவு வருஷமாச்சு சார் இதைக் கேட்டு! படுத்திருந்தவன் எழுந்து ஓடி வரேன்."

ஸ்பேர் சார் கதவை அகலத் திறந்தார். ஒரு ரசிகனாவது மிஞ்சியிருக்கிறானே!

"டேப்புதான் ஓடுது. அப்போ ஏதோ நல்லா வாசிச்சிட்டு இருந்தேன். உங்களுக்கு என் வாசிப்பு பிடிக்காதுன்னுல்ல நினைச்சேன்?"

"நீங்களா?" பிரஸ்காரர் குழம்பிப்போய் அவரையும் அவர் கையிலிருந்த சாவிக்கொத்தையும் பார்த்தார். "நீங்க வாசிச்சாத்தான் நான் குச்சியை எடுத்துடுவேனே சார். இது அக்கா வாசிக்கறது. நீங்க ஆபீஸ் கிளம்பினதும் தினம் எடுப்பாங்க, நான் ராத்திரி வேலை முடிஞ்சு வந்து இதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்குவேன். அப்புறம் ஒருநாள் டக்குன்னு நின்னுபோச்சு. ஏன் சார் விட்டுட்டாங்க?"