மிசி பூட்டிய செயின்

வெல்லாவெளி முழுக்கத் தேடினாலும் எங்கள் மிசியோடு வாதாடி வென்ற ஒரு சீவனைக் காண முடியாது. மனிதர் மட்டுமல்ல, வீதியை மறித்துப் படுத்திருந்த எருமை ஒன்று அவர் ஏசிய ஏச்சில் எழுந்து போனதை நான் கண்ணால் கண்டவன்.

மிசி என்றால் மருத்துவமாது. பிள்ளை பெற்ற தாய்மாரை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர். சொந்தப் பெயர் வேலை பார்த்த கந்தோரின் பெயர் இடாப்பில் மட்டும் இருந்தது. வெள்ளைச் சீருடைக்குக் கீழே அண்ணனின் காற்சட்டையை மாட்டிக்கொண்டு பழைய மோட்டார் சைக்கிளில் பறப்பார். நான் பக்கத்து வளவில் வாடகைக்கு இருந்த, கந்தோரில் கோப்பு எழுதும் லிகிதர். சைக்கிளில் காற்றுப் போனாலே உருட்டிக்கொண்டு கராஜுக்குப் போகிற வீரன்.

ஒரு நாள் காலை மிசியின் செயின் அறுந்தது. அன்றைக்குத்தானா அறுந்து தொலைய வேண்டும்? வயல் வட்டைக்கு நடுவே இருந்த குடிசையில் ஒரு தலைப்பிள்ளைத்தாய். குழந்தை விடிந்ததிலிருந்து பால் குடிக்கவில்லை என்று போன் வந்திருந்தது. வரம்புப் பாதையில் ஓட்டோ போகாது. பின்னேரமானால் யானை இறங்கும்.

மிசி கராஜுக்கு நடந்துபோய்ப் புதுச் செயின் வாங்கினார். அங்கே மோட்டார் சைக்கிள் திருத்துகிற பாஸ், "நாளைக்கு வாங்க. செயின் கழட்டுற சாமான் என்னட்ட மட்டும்தான் இரிக்கி. வீட்ட வெச்சுப் பூட்ட ஏலா. அதுவும் பொம்பிளையாள்" என்றாராம்.

அந்தக் கடைசிச் சொல்லை அவர் விழுங்கியிருக்கலாம்.

மிசி வளவில் சாக்கை விரித்து, பழைய செயினையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார். புதியது இரண்டு கண்ணி கூடுதல் நீளம். கத்தி தீட்டுகிற அரத்தை எடுத்து, கழற்ற வேண்டிய செயின் ஆணியின் தலையைத் தேய்த்தார். ஒரு பெரிய நட்டின் மேல் செயினை வைத்தார். என்னைக் குறட்டால் பிடிக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தலையின் மேல் ஓர் இரும்பாணியை வைத்து, தேங்காய் உடைக்கும் கத்தியின் முதுகால் அடித்தார். முதலாம் இரும்பாணி வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது.

"மிசி, ஏலாது போல..."

"வாயை மூடிட்டுப் புடிங்க தம்பி!" பிறகு செயினைப் பார்த்துக் குரல் இளகியது. "தள்ளு மனே, தள்ளு. இன்னும் ஒள்ளுப்பம்தான். மூச்சை எடுத்து ஒரே தள்ளு!"

செயின் ஆணி கழன்று விழுந்தது. ஆணா பெண்ணா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அது முடிந்த மறுகா, முன் பல்லுச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டுக்கம்பி விட்டு, அதன் நுனியில் செயினைக் கட்டி இழுத்தார். இரண்டு முனைகளையும் பின் சக்கரத்துப் பல்லில் பொருத்திப் பூட்டுக் கண்ணியைச் செருகினார். கடைசியாக, அந்தக் கண்ணி கழலாமல் பிடிக்கும் கிளிப். குறடு வழுக்கியது. சுண்டு விரல் நகமளவு கிளிப், 'டிங்' என்று பறந்து மணலில் மறைந்தது.

அந்நேரம் பார்த்துப் பாஸ் வளவு வாசல் கடப்படியில் வந்து சாய்ந்துகொண்டார். "நான் சொன்னனான்தானே" என்று முகம் முழுக்க எழுதியிருந்தது.

மிசி உள்ளே போய், பழுதான ரேடியோவைப் பிளந்து, ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டிக்கொண்டு வந்தார். அதை மணலில் இழுத்து இழுத்து நடந்தார். மூன்று ஆணி, ஒரு ஊசி, பின்னே கிளிப்! பூட்டி நிமிர்ந்தபோது பாஸ் தொண்டையைச் செருமினார்.

"மிசி, கிளிப்புட திறந்த வாய் செயின் ஓடுற பக்கம் பாக்குது. வழியில கழண்டிரும்."

ஏச்சு விழப்போகிறது என்று நான் ஓரடி பின்வாங்கினேன். மிசி குனிந்து பார்த்தார். கழற்றி, கிளிப்பை மறுபக்கம் கிறுக்கிப் பூட்டினார்.

"பிழை எண்டு சொல்லுங்க, கேப்பன்" என்றார் பாஸிடம். "ஏலா எண்டு மட்டும் சொல்லாதீங்க."

பாஸ் கடப்படியை அகலத் திறந்துவிட்டார்.

செயினின் தொய்வைச் சரிபார்த்து, சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு மிசி என் பக்கம் திரும்பினார். "தம்பி, பின்னால ஏறுங்க. செயின் பாரம் தாங்குதா எண்டு பாக்கோணும்." வரம்பில் நாங்கள் போன வேகத்தில் எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். செயின் தாங்கியது.

குடிசையில் அந்தப் பிள்ளைத்தாய் அழுதுகொண்டிருந்தாள். "என்னால ஏலா மிசி."

"ஆரு சொன்ன? இப்பிடி இரு. புள்ளையக் கிட்டப் புடி."

நான் வெளியே நின்றேன். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். உள்ளே அழுகை நின்று, குழந்தை சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது. மிசி வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டார். அவருடைய கைகள் இரண்டும் நடுங்கின.

"கை நடுங்கினதை ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க தம்பி."

இவ்வளவு காலம் சொல்லவில்லை. இன்று எழுதிவிட்டேன். மிசி இடமாற்றம் கிடைத்துப் போன ஊரில் இதை வாசித்தால் போன் எடுத்து ஏசுவார். ஏசட்டும். அந்தக் குரலைக் கேட்டு நெடுநாளாகிறது.