ஆறு நிமிடப் பளபளப்பு

ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்ற டிரில் மாஸ்டர், கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினார். எதிர்வீட்டுப் பல் டாக்டர் துணியை உதறி மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஆறே நிமிஷம்!" மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. "தண்ணி தெளிச்சான், துடைச்சான், போயிட்டான். கார் கண்ணாடி மாதிரி நிக்குது. நான் போன வாரம் ரெண்டு மணி நேரம் தேய்ச்சேன். என்னத்தைக் கண்டேன்?"

"அவருக்குக் கைராசிங்க" என்றாள் மனைவி. "காலையில குப்பை போடப் போனப்ப, அந்தக் கார் கதவுல பாத்துத்தான் தலையையே சரி பண்ணிக்கிட்டேன்."

இத்தனை நாள் தன் காரில் ஒருதரமாவது அவள் முகம் பார்த்திருப்பாளா? மாஸ்டருக்குச் சுருக்கென்றது.

"கைராசியும் இல்ல, கால்ராசியும் இல்ல. எல்லாம் டைமிங்! எதை எத்தனை நிமிஷம் ஊற வைக்கணும், எப்பத் துடைக்கணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. வெளிய சொல்லாம அமுக்கி வெச்சிருக்கான்."

ஊர்ப் பிள்ளைகளின் ஓட்டத்தையெல்லாம் நொடி பிசகாமல் அளந்த மனிதர் அவர். நேர விஷயத்தில் ஒரு பல் டாக்டரிடம் தோற்பதா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஷாம்பூ, பாலிஷ், மெழுகு என்று புட்டிகள் வாசலில் அணிவகுத்தன. மனைவி கையில் ஸ்டாப்வாட்ச்.

"ஷாம்பூ மூணு நிமிஷந்தான் இருக்கணும். அதுக்கு மேல வெயில்ல காஞ்சா கறை. மூணு ஆனதும் குரல் குடு."

மாஸ்டர் குனிந்து சக்கரங்களைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"மூணு ஆயிடுச்சுங்க!"

நிமிர்ந்து பார்த்தார். சிவப்புக் காரின் மேல் வெள்ளை வெள்ளையாகத் தேசப்படம் விழுந்திருந்தது.

"மூணு எப்பவோ ஆயிடுச்சு! இது பதினொண்ணு!"

"அக்கா போன் பண்ணிட்டாங்க. எதிர்வீட்டுக் கார் எப்படிப் பளபளக்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பாலிஷைப் பூசித் தேய்த்தார். கறை போயிற்று. மிச்சமிருந்த பளபளப்பும் கூடவே போயிற்று. பானெட் தூக்கம் கெட்ட கண் மாதிரி மங்கிப்போய் விழித்தது.

"மெழுகு போட்டா சரியாயிடும்" என்றார். "பத்து நிமிஷம் விட்டுத் துடைக்கணும். வாட்ச்சைக் குடு, உன்னை நம்பினது போதும்."

மெழுகைப் பூசி முடித்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது. டாக்டர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தார். ஊற்றியபடியே இந்தப் பக்கம் பார்த்தார். மாஸ்டர் இடுப்பில் கைவைத்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"பாத்தியா, அவன் முகம் போற போக்கை" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். "பொறாமை!"

"அது இருக்கட்டும். வாட்ச்சை அமுக்கினீங்களா?"

அமுக்கவில்லை. மெழுகு சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினார், நகம்தான் உடைந்தது.

கடைசியில் ஹார்டுவேர் கடைக்கு ஓடி, சுழன்று தேய்க்கும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்தார். அது போட்ட இரைச்சலில் டாக்டர் தெருவைக் கடந்து கேட்டுக்கே வந்துவிட்டார்.

"மாஸ்டர், மெஷினை ஒரே எடத்துல வைக்காதீங்க. நகர்த்திக்கிட்டே இருங்க."

அவ்வளவுதான். மாஸ்டர் முழு உடம்பையும் திருப்பினார். "டாக்டர், நீங்க பல்லு பிடுங்கும்போது நான் வந்து யோசனை சொன்னேனா? இத்தனை நாள் வாயே திறக்காம, இன்னைக்கு நான் கண்டுபிடிச்சதும் ஓடி வந்து..."

பேச்சு நீண்டது. மெஷின் நின்ற இடத்திலேயே சுற்றியது. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் நிறுத்தினார்.

சிவப்புப் பானெட்டின் நட்டநடுவில், வழுக்கை விழுந்தாற்போல் ஒரு வெள்ளை வட்டம்.

டாக்டர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிரிக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்ச பெயிண்டர் இருக்கார், வரச் சொல்றேன்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டருக்கு அந்தக் கரிசனம்தான் தாங்கவில்லை.

சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து இறங்கிய பெயிண்டர், வட்டத்தை விரலால் தடவிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

மாஸ்டர் அவர் காதருகே போனார். "இதை எப்படியாவது அந்தக் கார் மாதிரி ஆக்கிடுங்க. அதைவிட ஒரு பிடி தூக்கலா இருந்தா ரொம்ப நல்லது."

"அந்தக் காரா? அதுல மின்னுறது பெயிண்டே இல்ல சார். மேல ஒட்டின ஸ்டிக்கர். முழுக் காருக்கும் நான்தான் ஒட்டினேன். டாக்டரும் இதே மாதிரி மெஷினை வெச்சுத் தேய்ச்சு, அங்கங்க வெள்ளையடிச்சு வெச்சிருந்தாரு."

அன்று காலையிலிருந்து முதல்முறையாக மாஸ்டருக்கு நெஞ்சு குளிர்ந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நல்லா வேணும்! நல்லா இருந்த காரை அப்படித் தேய்க்கணும்னு அவருக்கு என்னய்யா தலையெழுத்து?"

பெயிண்டர் மறுபடி பானெட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"போன வருஷம் நீங்க இந்தக் காரைப் புதுசா கொண்டாந்து இங்க நிறுத்தினீங்களாமே சார், அதோட பளபளப்பைப் பாத்துட்டு மனுஷன் ஒரு வாரம் தூங்கலையாம்!"